சொல்லிச் சென்றவரும் கேட்டு நின்றவரும்: மேடைச் சொல்லின் பொறுப்பு

முன்னுரை

எழுத்தாளர், இதழாளர், சமூகச் செயற்பாட்டாளர் ஆகிய மூவகையினரும் இன்று எழுதுவதற்கு நிகராகப் பேசவும் செய்கின்றனர். புத்தகக் காட்சிகள், இலக்கிய விழாக்கள், கல்லூரித் தமிழ் மன்றங்கள், அறக்கட்டளைச் சொற்பொழிவுகள், அயலகத் தமிழ்ச் சங்க ஆண்டு விழாக்கள் என அவர்களை அழைக்கும் மேடைகள் பெருகியுள்ளன. ஓர் ஊரில் பேசி மறுநாள் வேறோர் ஊரில் பேசும் இச்சுற்றுப்பயண வாழ்க்கை குறித்து எழும் விமரிசனங்கள் பெரும்பாலும் பணத்தைப் பற்றியனவாகவே உள்ளன. எவ்வளவு பெற்றார், யாரிடம் பெற்றார் என்று கேட்கிறோம். அவர் பேசிவிட்டுப் போனபின் அவ்வூரில் இருப்பவர்க்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது அரிது. பேச்சாளர் செல்பவர், கேட்பவர் நிற்பவர். இவ்வேறுபாட்டிலிருந்து எழும் அறச் சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களமாகச் சித்தூர், திருப்பதி வட்டாரம் முதன்மையாகக் கொள்ளப்படுகிறது. அதற்குக் காரணம் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் மேடைச் சொல் ஒரு நிலப்பகுதியின் எல்லையையே தீர்மானிக்க முயன்ற களம் இது. உலகெங்கும் அறுபதாண்டுக் காலம் பேசித் திரிந்த ஒருவர் பிறந்த ஊரும் இதனைச் சார்ந்ததே.

வள்ளுவரின் வைப்புமுறை

பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் சொல்வன்மை 65ஆம் அதிகாரம். அவையறிதல், அவையஞ்சாமை என்பன 72, 73ஆம் அதிகாரங்கள். இம்மூன்றும் பொருட்பாலில் அமைச்சனுக்கு உரியனவாக வருகின்றன. வாய்மையோ 30ஆம் அதிகாரமாக அறத்துப்பாலில், அதிலும் துறவறவியலில் நிற்கிறது. பயனில சொல்லாமை 20ஆம் அதிகாரமாக இல்லறவியலில் இடம்பெறுகிறது.

இவ்வைப்புமுறை சிந்திக்கத்தக்கது. அவையில் வெல்லும் சொல்லை அரசியல் திறனாகவும், உண்மை பேசுதலைத் துறவியின் ஒழுக்கமாகவும், வீண்சொல் தவிர்த்தலை இல்லறத்தானின் கடமையாகவும் நூல் தனித்தனியே வைத்திருக்கிறது. ஒரே நாவுக்கு மூன்று வேறு கடமைகள். அமைச்சன் அரசவையில் பேசினான். அச்சொல்லின் விளைவு அவன் நாட்டிலேயே விளைந்தது. அதனை அவனும் அனுபவித்தான். ஊர் ஊராகச் சென்று அறியாத மக்களிடம் பேசுபவன் அந்த அவையில் இல்லை. எனவே பழைய அவையறத்தை இன்றைய மேடைக்கு அப்படியே பொருத்துவதில் ஓர் இடர்ப்பாடு உள்ளது.

சங்க காலத்திலும் ஊர் ஊராகச் சென்றோர் இருந்தனர். பரிசில் பெற்ற பாணனும் கூத்தனும் பெறாதவனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை என்பதே ஓர் இலக்கிய வகையாயிற்று. ஆயினும் அவர்கள் வள்ளலை நோக்கிச் சென்றவர்கள். மக்களைத் திரட்டி ஒரு செயலுக்குத் தூண்டும் பொதுமேடை அன்று இல்லை. அது பிற்காலத்தது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 அன்று ஆறுமுக நாவலர் தொடங்கிய பிரசங்கம் இதன் வரலாற்றில் ஒரு திருப்பம். கிறித்தவப் பாதிரிமாரின் பிரசங்க முறையைச் சைவத்திற்குக் கொணர்ந்தது அது. தமிழ் அரசியல் மேடைப்பேச்சு 1905ஐ அடுத்த சுதேசி இயக்கக் காலத்தில் உருவெடுத்ததைப் பெர்னார்டு பேட் தம் ஆய்வுகளில் விரிவாகக் காட்டியுள்ளார்.

சுதேசிக் காலத்தின் இரு வழக்குகள்

விபின சந்திர பாலர் 1907ஆம் ஆண்டு ஏப்ரலில் ராஜமகேந்திரவரத்தில் பேசினார். சிலகமர்த்தி லட்சுமிநரசிம்மம் அப்பேச்சுகளைத் தெலுங்கில் பெயர்த்துரைத்தார். பேச்சால் எழுச்சியுற்ற மாணவர்கள் வந்தே மாதரச் சின்னம் அணிந்து வகுப்புக்குச் சென்றனர். பயிற்சிக் கல்லூரி மாணவரான காடிச்சர்ல ஹரிசர்வோத்தம ராவ் கல்லூரியினின்று நீக்கப்பட்டார். பாலரோ மே மாதத்தில் சென்னைக் கடற்கரையில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சாளர் அடுத்த ஊரில். கேட்டவர் கல்லூரிக்கு வெளியே.

இதனால் பாலரைக் குறைகூறுதல் பொருந்தாது. அவ்வாண்டிலேயே அவரும் அரவிந்தர் வழக்கில் சாட்சி சொல்ல மறுத்து ஆறு மாதம் சிறை சென்றார். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அவர் ஏற்ற துன்பம் அவருடைய செயலுக்கானது. ராஜமகேந்திரவரத்து மாணவரின் துன்பத்தை அது ஈடுசெய்யவில்லை. துன்பங்கள் ஒன்றையொன்று நிரப்புவன அல்ல. 'அவரும்தானே சிறை சென்றார்' என்னும் வாதம் பேச்சாளரின் நேர்மையை மெய்ப்பிக்கும். கேட்டவர்க்கு அவர் பட்ட கடனை அது தீர்த்துவிடாது.

அடுத்த ஆண்டு தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் நிகழ்ந்தது இன்னும் சிக்கலானது. சுப்பிரமணிய சிவாவின் மேடைப் பேச்சுகள், வ.உ. சிதம்பரம் பிள்ளையின் கைது, 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் எழுந்த கலகம், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மரணம் என்பன நாம் அறிந்தவை. ஜூலையில் நீதிபதி பின்ஹே அளித்த தீர்ப்பில் சிவாவுக்குப் பத்தாண்டும், வ.உ.சி.க்கு அரச நிந்தனைக்காக இருபதாண்டும் சிவாவுக்கு உடந்தையாக இருந்தமைக்காக இருபதாண்டும் நாடுகடத்தல் விதிக்கப்பட்டன. பின்னர் உயர்நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. பேசியவருக்கு உணவும் உறைவிடமும் தந்தது வ.உ.சி. மீதான குற்றச்சாட்டில் அடங்கியிருந்தது. அதாவது, பேசியவரை விட அவரைத் தாங்கியவருக்குத் தண்டனை மிகுந்தது.

அத்தீர்ப்பு கொடியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது அறியாமலே ஓர் அறவுண்மையைத் தொட்டிருக்கிறது எனலாம். மேடைச் சொல் பேசுபவர் ஒருவரால் மட்டும் ஆவதன்று. அழைத்தவர், தங்க வைத்தவர், மொழிபெயர்த்தவர், விளம்பரம் ஒட்டியவர், கூடியவர் ஆகிய அனைவரும் சேர்ந்தே அச்சொல்லை உண்டாக்குகின்றனர். அவர்களுள் சென்றுவிடுபவர் பேச்சாளர் ஒருவரே. எஞ்சியோர் அனைவரும் உள்ளூர்க்காரர்கள். அரசு தன் கையை நீட்டும்போது முதலில் அகப்படுபவர்கள் அவர்கள்தாம்.

வேங்கடத்தை முன்வைத்து

1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காட்டின் வடபகுதிகளும் கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களும் இணைந்து சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. தமிழும் தெலுங்கும் வீட்டுக்கு வீடு, சில வேளை ஒரே வீட்டுக்குள்ளும் கலந்து வழங்கிய நிலம் அது. பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் 58 நாள் உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பர் 15 அன்று உயிர்நீத்த பின்னர், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது இம்மாவட்டம் முழுமையாக அதனுடன் சேர்ந்தது.

இதனை எதிர்த்து வடஎல்லைப் போராட்டத்தை நடத்திய ம.பொ. சிவஞானம் நம் பொருளுக்கு மிகவும் ஏற்ற எடுத்துக்காட்டு. அவர் நூலாசிரியர், 'செங்கோல்' இதழின் ஆசிரியர், 1946இல் தமிழரசுக் கழகத்தைக் கண்ட செயற்பாட்டாளர், எல்லாவற்றுக்கும் மேலாக மேடைப் பேச்சாளர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு அச்சுக்கோப்பவராக வேலை செய்த ஒருவர் 'சிலம்புச் செல்வர்' என்று போற்றப்பட்டது, சிலப்பதிகாரத்தை அவர் மேடையில் ஏற்றிய ஆற்றலால்தான். அவ்வாற்றலே வடஎல்லை வழக்குக்கும் துணை நின்றது. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைக் கூறுகிறது, சிலப்பதிகாரம் வேங்கடத்தைப் பேசுகிறது, ஆழ்வார்கள் பாடியிருக்கின்றனர், திருமலைக் கோயிற் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ். இவை யாவும் உண்மை. திருத்தணி வட்டாரத்தில் தமிழ் கற்பித்துவந்த மங்கலங்கிழார் போன்ற உள்ளூர்ப் புலவர்களும் இவ்வியக்கத்தில் உடன் நின்றனர்.

உண்மையைச் சொன்னார் என்பதால் மட்டும் பேச்சாளரின் பொறுப்பு முடிந்துவிடுகிறதா என்பதே இங்கு எழும் வினா. பழைய நூலொன்றின் பாயிரம் வேங்கடத்தை எல்லையாகக் கூறுவது ஓர் உண்மை. ஆகவே இன்று வேங்கடம் எந்த மாநிலத்தில் இருக்கவேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிபு. இரண்டுக்கும் இடையில் பல படிகள் உள்ளன. தாள்பாக்கம் அன்னமாச்சாரியார் 15ஆம் நூற்றாண்டில் அதே மலையில் தெலுங்கில் பாடினார். அவருடைய கீர்த்தனைகள் செப்பேடுகளில் வெட்டப்பட்டு அங்கேயே காக்கப்பட்டன. அம்மலையில் நாலாயிரமும் ஓதப்பட்டது, கீர்த்தனைகளும் பாடப்பட்டன. இலக்கியத்தை நிலப்பட்டாவாகக் காட்டினால் எதிர்ப்பக்கமும் ஒரு பட்டாவை நீட்டும். இடையிலுள்ள இப்படிகளை எழுத்தில் விளக்கலாம். மேடையில் அவற்றுக்குப் பொழுதில்லை. கூட்டம் கைதட்டும் இடம் முதற்படியும் கடைசிப் படியும்தான். நடுவிலுள்ளவற்றுக்கு எவரும் கைதட்டுவதில்லை. இது ம.பொ.சி. என்னும் தனிமனிதரின் குறையன்று, மேடையின் இயல்பு.

இறுதித் தீர்ப்பு வேறு அளவுகோலால் வந்தது. ஹெச்.வி. படாஸ்கர் நடுவராக இருந்து வகுத்த தீர்வு கிராமத்தை அலகாகவும், நில இணைப்பையும் பேசும் மொழியின் பெரும்பான்மையையும் அடிப்படையாகவும் கொண்டது. 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. மேடை இலக்கியத்தைப் பேசியது. தீர்வு தலைகளை எண்ணியது. ஆயினும் மேடை பேசியிராவிட்டால் அந்த எண்ணிக்கையே நடந்திருக்குமா என்பது ஐயம். திருத்தணியின் வரவு இப்போராட்டத்தின் பயன் என்பதை மறுக்கவியலாது.

திருத்தணியை நினைவுகூரும் நம் வரலாற்று நூல்கள் புத்தூர், நகரி, சித்தூர், திருப்பதித் தமிழர்களை அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. மேடையை நம்பியவர்களுள் அவர்களும் உண்டு. 1960க்குப் பின் அவர்கள் தெலுங்கு அண்டைவீட்டாரோடு வாழவேண்டியவர்கள். தெலுங்கில் மனு எழுதவேண்டியவர்கள். பிள்ளைகளை எம்மொழியில் படிக்கவைப்பது என்று ஆண்டுதோறும் முடிவு செய்யவேண்டியவர்கள். பேச்சாளர் சென்னைக்குத் திரும்பலாம். எல்லையில் இருப்பவர் எங்கும் திரும்பவியலாது. ம.பொ.சி. இவ்வழக்கில் சிறை சென்றவர், மீண்டும் மீண்டும் அப்பகுதிக்கு வந்தவர், தம் வாழ்க்கை வரலாறான 'எனது போராட்ட'த்தில் அதனைப் பதிவு செய்தவர். சுற்றுப்பயணப் பேச்சாளர் எவருக்கும் இல்லாத உறுதி அது. அத்தகையவர் விடயத்திலேயே இக்கடன் முழுதும் தீரவில்லையெனில், ஒரு மாலை வந்து எரிமூட்டும் உரையாற்றி இரவு இரயிலேறுபவரைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

ஊதியம் குறித்து

பணம் பெறுதல் பற்றிய வினாவையும் ஒருவாறு நோக்கலாம். கட்டணம் பெற்றுப் பேச்சுக்கலை கற்பித்த சோபிஸ்டுகளைப் பிளேட்டோ இகழ்ந்தார். அவருடைய சாக்ரடீசு கட்டணம் பெறவில்லை. இவ்வேறுபாட்டை மேலைமரபு நெடுங்காலம் போற்றி வந்தது. ஆனால் வறுமையில்லாப் பெருங்குடியில் பிறந்தவர் எழுதிய இகழ்ச்சி அது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1895-96இல் உலகைச் சுற்றி, இந்தியாவிலும் பேசியது கடன்காரர்களுக்குப் பணம் திருப்பித் தருவதற்காக. அதில் இழிவு ஏதுமில்லை.

தாகூரின் நிலை சற்று நுட்பமானது. 1919இல் தென்னிந்தியச் சுற்றுப்பயணத்தின்போது மதனப்பள்ளியிலுள்ள பிரம்மஞான சபைக் கல்லூரியில் தங்கிய அவர், அங்கேதான் 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1916இல், அமெரிக்கச் சொற்பொழிவு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நகரந்தோறும் பேசினார். பொருள், தேசியவாதத்தின் தீமை. வருவாய், சாந்திநிகேதனப் பள்ளிக்கு. கட்டணம் வாங்கிக்கொண்டு நம்மைத் திட்டுகிறார் என்று அங்குள்ள செய்தித்தாள் எள்ளியது. களைப்பும் சலிப்பும் மேலிடப் பயணத்தை இடையில் முடித்துக்கொண்டு அவர் திரும்பினார்.

அந்த எள்ளலில் தர்க்கப் பிழை உண்டு. காசு கொடுத்தவரைப் புகழ்வதற்குக் காசு வாங்கினால் அது விலைபோதல். காசு கொடுத்தவர்க்கு உவப்பில்லாததைச் சொல்லிவிட்டுக் காசு வாங்குவது அவ்வாறாகாது. புறநானூற்றில் (208) பெருஞ்சித்திரனார், தம்மைக் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கிறார். தாம் வணிகத்துக்கு வந்த பரிசிலர் அல்லர் என்கிறார். பரிசிலை அவர் வெறுக்கவில்லை. காணாமல் கொடுப்பது, கேளாமல் கொடுப்பது, அதுவே அவருக்கு இழிவாயிற்று. ஆகவே ஊதியத்தின் அறம் தொகையில் இல்லை. கொடுப்பவர் சொல்லைக் கேட்டாரா, அத்தொகை சொல்லை மாற்றிற்றா என்னும் இரண்டு வினாக்களில் உள்ளது. பணம் வாங்காமல் பேசுபவரும் கைதட்டலை வாங்குகிறார். கைதட்டல் பணத்தைவிட விரைவில் சொல்லை மாற்றிவிடும் என்பது மேடையறிந்தோர் அனைவருக்கும் தெரியும்.

பின்தொடர வேண்டாம் என்ற பேச்சாளர்

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் 1895 மே மாதம் பிறந்தவர் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. உலக ஆசான் என அறிவிக்கப்பட்டு, அவருக்கென 1911இல் கீழ்த்திசை விண்மீன் சங்கம் நிறுவப்பட்டது. 1929 ஆகஸ்டு 3 அன்று ஹாலந்து நாட்டின் ஒமென் முகாமில் ஏறத்தாழ மூவாயிரம் உறுப்பினர் முன்னிலையில் அச்சங்கத்தைக் கலைத்தார். தமக்கெனத் தரப்பட்ட நிலங்களையும் பொருளையும் திருப்பிக் கொடுத்தார். எவரும் தம்மைப் பின்பற்ற வேண்டாம் என்றார்.

அதன்பின் அவர் பேசுவதை நிறுத்தவில்லை. ஓஹாய், 1961 முதல் 1985 வரை சானென், பிராக்வுட், பம்பாய், வாரணாசி, ரிஷி வேலி, சென்னை வசந்த விகாரம் என ஆண்டுதோறும் அதே ஊர்கள், அதே பருவங்கள். கடைசிப் பொதுப்பேச்சு 1986 ஜனவரியில் சென்னையில். மறைவு பிப்ரவரி 17இல் ஓஹாயில்.

பேச்சாளரின் பொறுப்பைப் பற்றிய நம் வினாவுக்கு இவரிடம் ஒரு தீவிர விடை கிடைக்கிறது. எதையும் செய்யுமாறு சொல்லாதிருந்தால், கேட்டவர் செயலுக்குப் பேச்சாளர் பொறுப்பாகார். பாலரும் சிவாவும் ம.பொ.சி.யும் ஏற்ற சுமையை இவர் தொடக்கத்திலேயே இறக்கி வைத்துவிட்டார். இவ்விடை அழகியது, எனினும் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. அதிகாரத்தை ஏற்காதீர் என்னும் சொல்லைக் கேட்க ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் அவரிடமே வந்தனர். வேறொருவர் சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டார்கள். அதிகாரத்தை மறுக்கவும் ஓர் அதிகாரம் தேவைப்பட்டது. விலகி நிற்பதாலேயே விளைவினின்று விலகிவிட முடியாது. ஆயினும் அவர் செய்த ஒன்றைச் சிறப்பாகக் குறிக்கவேண்டும். அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்றார். சென்ற ஆண்டு கேட்டவர் இவ்வாண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார், வினா எழுப்பினார். தம் வட்டாரத்தில் ரிஷி வேலிப் பள்ளி நிலைத்தது. சொல்லிவிட்டு மறைந்துபோனவர் அல்லர்.

காயத்தை மீண்டும் மீண்டும் சொல்லுதல்

இதுவரை கேட்பவர்க்கு நேரும் இழப்பையே பேசினோம். பேசுபவர்க்கும் ஓர் இழப்பு உண்டு. குறிப்பாகத் தம் துன்ப அனுபவத்தால் மேடைக்கு அழைக்கப்படும் செயற்பாட்டாளர்க்கு.

அடிமைத்தளையினின்று தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1841 முதல் மாசசூசெட்ஸ் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் மேடைகளில் பேசினார். நிகழ்ந்ததை மட்டும் சொல்லுமாறும், தத்துவத்தைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகவும் உடனிருந்த வெள்ளையர் கூறியதைத் தம் 1855ஆம் ஆண்டு நூலில் அவர் பதிவு செய்திருக்கிறார். ஊர்தோறும் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி அவருக்குச் சலித்தது. சிந்திக்கத் தொடங்கியவர் வெறும் சாட்சியாக நிற்க மறுத்தார். நம் மேடைகளிலும் ஒடுக்கப்பட்ட ஒருவரை அழைத்து, 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டு, கோட்பாட்டு உரையைப் பேராசிரியர்க்கு ஒதுக்கும் நிகழ்ச்சிநிரல்களைக் காண்கிறோம். ஒருவரிடம் கண்ணீரும் மற்றவரிடம் கருத்தும் எதிர்பார்க்கும் அப்பகுப்பே ஓர் அநீதி. அழைப்பிதழ் அச்சிடும்போதே அது தொடங்கிவிடுகிறது.

மறையாத சொல்

முன்னர் பேச்சு காற்றோடு போயிற்று. பாலர் ராஜமகேந்திரவரத்தில் பேசியதும் சென்னையில் பேசியதும் வெவ்வேறு பேச்சுகள். ஒன்றைக் கேட்டவர் மற்றதைக் கேளார். இன்று ஒவ்வொரு பேச்சும் பதிவாகிறது, துண்டாக்கப்படுகிறது, இடம்பெயர்ந்து வேறோர் அவைக்குச் செல்கிறது. அவையறிதல் என்னும் பண்பே இதனால் நெருக்கடிக்குள்ளாகிறது. எந்த அவையை அறிவது? திருப்பதியில் தமிழ் மாணவர் முன் சொன்னது மறுநாள் சொன்னவரையும் கேட்டவரையும் அறியாதவர் கையில் இருக்கும்.

பேச்சாளரும் இன்று முழுமையாகச் சென்றுவிட முடிவதில்லை. 2010 அக்டோபரில் தில்லியில் பேசிய பேச்சுக்காக எழுத்தாளர் அருந்ததி ராய் மீது வழக்குத் தொடர 2024 ஜூனில் இசைவு அளிக்கப்பட்டது. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் சென்றபின். 2022 ஆகஸ்டு 12 அன்று நியூயார்க் மாநிலத்துச் சட்டாக்குவாவில் சல்மான் ருஷ்டி மேடையிலேயே கத்தியால் குத்தப்பட்டார். அமெரிக்காவில் ஊர்சுற்றிப் பேசும் மரபுக்குப் பெயர் தந்த இடமே அது. அங்கு அவையிலிருந்தவர்கள் எழுந்தோடி வந்து தாக்கியவனைப் பிடித்தனர். கேட்பவர் நிற்பவர் என்று தொடக்கத்தில் கூறினோம். அன்று அவர்கள் நின்றதனால் ஓர் எழுத்தாளர் உயிர்பிழைத்தார். கேட்பவர்க்குப் பேச்சாளர்மேல் மட்டுமன்றிப் பேச்சாளர்க்குக் கேட்பவர்மேலும் உரிமையுண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அழைக்கும் நிறுவனங்கள், குறிப்பாகப் பல்கலைக்கழகத் துறைகள், இதில் செய்யக்கூடியது சிறிதுண்டு. ஒரு மணி நேர உரைக்குப் பத்து நிமிட வினா என்னும் வழக்கத்தை மாற்றலாம். பேசியவரை மறு ஆண்டும் அழைத்து, முன்பு கூறியது என்னவாயிற்று என்று கேட்கலாம். உள்ளூர்ச் சிக்கலைப் பற்றிப் பேசவந்தவருக்கு உள்ளூர்க்காரர் ஒருவரை முன்னுரைக்கு அன்றி மறுப்புரைக்கு அமர்த்தலாம். குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகமும் திருப்பதியின் திருவேங்கடவன் பல்கலைக்கழகமும் இருமொழி மக்கள் நடுவில் உள்ளவை. வேங்கடத்தைப் பற்றி உரையாற்ற வரும் ஒருவர் அங்கே தமிழில் பேசி, தெலுங்கில் எழும் வினாவுக்கும் விடை சொல்ல நேர்ந்தால், முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் இடையிலுள்ளவற்றை அவர் விட்டுச்செல்ல இயலாது.